டேபெட்டும் வீட்டுக்குள் ஒரு தனி மூலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கட்டில் இருக்கிறது, சோபா இருக்கிறது, நாற்காலிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் மதியம் அரை மணி நேரம் நிம்மதியாகத் தலை சாய்க்க ஓர் இடம் அமைவதில்லை. இந்தப் புலம்பலோடுதான் பலரும் டேபெட் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கியது தப்பான அளவு. அதைச் சரிக்கட்டக் கற்றுக்கொண்டதும், தெரிந்தவர்கள் வீடுகளுக்கு அளவு நாடாவோடு போய்த் தரையில் தவழ ஆரம்பித்தேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை.

டேபெட் என்றால் சரியாக என்ன? திவானும் அதுவும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. ஒற்றைக் கட்டில் அளவில் மெத்தை போட்ட இருக்கைதான் டேபெட். நீளவாக்கில் ஒரு முதுகும், இரண்டு முனைகளிலும் கைப்பிடி மாதிரி தடுப்பும் இருக்கும். பகலில் உட்காரலாம், சாயலாம். தேவைப்பட்டால் ஒருவர் முழுசாக நீட்டிப் படுக்கலாம். திவானுக்கு முதுகு கிடையாது. சுவரை ஒட்டிப் போட்டு, திண்டுகளை அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். விற்பவர்கள் இரண்டு பெயரையும் கலந்து சொல்வார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, முதுகு உண்டா, தடுப்பு எத்தனை பக்கம் என்று மட்டும் பாருங்கள்.

சோபா கம் பெட் வேறு ரகம். அதை இழுத்து விரித்தால்தான் படுக்கை ஆகும். விரிக்க வேண்டிய எதிலும் மதியத் தூக்கம் நிலைக்காது என்பது என் கட்சி. விரித்து முடிப்பதற்குள் வந்த தூக்கம் போய்விடும்.

கட்டில் இருக்கும்போது இது எதற்கு?

கட்டிலில் படுத்தால் தூங்கிவிடுகிறோம். சோபாவில் காலை நீட்ட முடிவதில்லை, எதிரே டிவி வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. பாதி சாய்ந்து புத்தகம் படிப்பது, கூரையைப் பார்த்துச் சும்மா கிடப்பது, படித்துக்கொண்டே இருபது நிமிடம் கண் அயர்ந்துவிடுவது. அந்த நிலைக்கான சாமான்தான் இது. இன்னொரு காரணமும் உண்டு. இருவர் பகிர்ந்துகொள்ளும் படுக்கையறையில் ஒருவர் தூங்கினால், மற்றவர் அலமாரியைத் திறக்கக்கூடத் தயங்க வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். உங்கள் சோபாவின் இரு கைப்பிடிகளுக்கும் நடுவே உள்ள நீளம் உங்கள் உயரத்தைவிட நான்கைந்து அங்குலம் கூடுதலாக இருந்து, அது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலும் இருந்தால், அதுவே போதும். காசை மிச்சம் பண்ணுங்கள்.

இது புது மோஸ்தர்தானே?

பெயர்தான் புதிது. பழைய கிரேக்கர்கள் 'கிளினே' என்ற சாய்மஞ்சத்தில் ஒரு முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடியே விருந்துண்டார்கள். ரோமானியர்களிடம் அது 'லெக்டஸ்' ஆயிற்று. திவான் என்பது பாரசீக வழி வந்த சொல். ஆலோசனை மண்டபத்துக்கு இருந்த பெயர், அங்கே சுவரோரம் போட்ட மெத்தை இருக்கைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு ஓவியர் தாவீத் 1800இல் வரைந்த மேடம் ரெக்காமியே ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அந்தப் பெண் எதன்மேல் சாய்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள்: உருண்டைத் திண்டுகள். உளவியல் மருத்துவர் பிராய்டின் புகழ்பெற்ற சாய்மஞ்சம் ஒரு நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்தது. லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அது அங்கே இருக்கிறது.

இவர்களில் யாரும் தட்டையாக மல்லாந்து படுப்பதற்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒன்றின் மேல் சாய்ந்துதான் இருந்தார்கள். பணத்தையெல்லாம் சட்டத்தில் போட்டுவிட்டு, சாய்வதற்கான திண்டை மறந்துவிடுவதுதான் இன்றைக்கு நாம் செய்யும் தப்பு.

என்ன அளவு வாங்கலாம்?

மெத்தை அகலம் 36 முதல் 39 அங்குலம், நீளம் 72 முதல் 79 அங்குலம் வரை பொதுவாகக் கிடைக்கும். உங்கள் உயரத்தோடு ஆறு அங்குலம் கூட்டுங்கள். இரு முனைகளிலும் தடுப்பு இருப்பதால் சாதாரணக் கட்டிலைப் போலக் காலை வெளியே நீட்டிச் சமாளிக்க முடியாது. ஆறடி ஆசாமி 72 அங்குல டேபெட்டில் படுத்தால், இரவு முழுக்க ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும்.

மெத்தை அளவு வேறு, சட்டத்தின் வெளி அளவு வேறு. கைப்பிடிகளின் தடிமனால் வெளி அளவு நான்கு முதல் எட்டு அங்குலம் வரை கூடலாம். வாங்குமுன் பழைய செய்தித்தாள்களை வெளி அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அப்படியே விட்டு வையுங்கள். கதவு இடிக்கிறதா, நடக்க இரண்டரை அடியாவது மிஞ்சுகிறதா என்று காலே சொல்லிவிடும். அப்புறம், வாசலையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். முதுகும் கைப்பிடியும் போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உட்கார்ந்தால் முதுகு எட்டவே மாட்டேன் என்கிறது. கால் தொங்குகிறது, அல்லது நான் சரிந்துவிடுகிறேன். என்ன செய்வது?

டேபெட் வாங்கிய எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. விற்பவர் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்கு எளிது. ஒருவர் சௌகரியமாக உட்கார 20 முதல் 22 அங்குல ஆழம் போதும். மெத்தையோ 36 அங்குலத்துக்குக் குறையாது. ஆக, முதுகுக்குப் பின்னால் 14 முதல் 16 அங்குலம் வெற்றிடம். முதுகைச் சாய்க்க உள்ளே தள்ளி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. காலை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. நடுவில் இடுப்பு வளைந்து, பத்து நிமிடத்தில் வலி.

நான் முதலில் வீட்டில் இருந்த தலையணைகளை எல்லாம் கொண்டுவந்து அடுக்கினேன். ஐந்து தலையணை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வழுக்கி முதுகுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே விழும். படுக்கும்போது ஐந்தையும் தூக்கித் தரையில் போட வேண்டும், எழுந்ததும் மறுபடி அடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது ஆப்பு வடிவ ஃபோம் திண்டு. அடியில் 12 அங்குலம், மேலே 6 அங்குலம், உயரம் 18 அங்குலம். இந்த அளவில் முதுகு மிதமாகப் பின்னால் சாயும். நிமிர்ந்து விறைப்பாகவும் இல்லை, மல்லாந்தும் இல்லை. நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டாமல் இரண்டாக வெட்டச் சொன்னேன். ஒரே துண்டாக இருந்தால் தனி ஆளால் தூக்க முடியாது. இரண்டாக இருந்தால் ஒன்றை எடுத்துத் தலைமாட்டில் வைத்துச் சாய்ந்து படிக்கலாம். அடிப்பக்கத்தில் மட்டும் துணிக்குப் பதில், தரைவிரிப்புக்கு அடியில் போடும் வழுக்காத வலையை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகு திண்டு நகரவே இல்லை. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று அங்குலத்தை இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை அடைத்துவிடும்.

எவ்வளவு உயரம் சரி?

தரையிலிருந்து மெத்தையின் மேல்பாகம் வரை 17, 18 அங்குலம். முட்டி வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் 19, 20 வரை போகலாம். உட்கார்ந்தால் மெத்தை ஓரிரண்டு அங்குலம் அமுங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். சட்டம் 14 அங்குலம் இருக்கும்போது ஆசைப்பட்டு 10 அங்குல மெத்தை போட்டால், அது திண்ணையில் ஏறுகிற மாதிரி ஆகிவிடும். முதுகுப் பலகையும் மெத்தைக்குள் பாதி மறைந்துவிடும்.

பெரியவர்கள் எழுந்திருக்கக் கையை ஊன்ற உறுதியான கைப்பிடி வேண்டும். மெத்தையின் ஓரமும் அமுங்காமல் இருக்க வேண்டும். ஓரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். சறுக்கினால் அந்த மெத்தை அவர்களுக்கு வேண்டாம்.

மெத்தை?

இரவு தூங்கும் மெத்தையைவிடக் கொஞ்சம் கெட்டியாக, 6 முதல் 8 அங்குலத்துக்குள். பாதி நேரம் உட்காரத்தான் போகிறோம், உட்காரும்போது உடம்பின் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்குகிறது. மெத்தென்று இருக்கும் மெத்தையில் ஆறு மாதத்தில் நடுவே பள்ளம் விழும். சாதா ஃபோம் என்றால் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 32 கிலோ, முடிந்தால் 40. ஸ்பிரிங் மெத்தை படுக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓரத்தில் தினமும் உட்கார்ந்தால் அந்த ஓரம் முதலில் தொய்யும். பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகத் திரளும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட ஆள் இருந்தால் சரி.

மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். மெத்தையைத் தாங்கும் பட்டிகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், ஃபோம் அதற்குள் பிதுங்கும்.

அடியில் டிராயர் வைத்ததா, இழுக்கும் கட்டில் வைத்ததா, காலியா?

இழுக்கும் கட்டில் கூடுதலாக ஒருவர் தங்க உதவும். அதற்குள் போகும் மெத்தை பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலத்துக்கு மேல் இருக்க முடியாது. இழுத்துப் போட முன்னால் இன்னொரு மூன்றேகால் அடி காலி இடமும் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே டீப்பாய் இருந்தால், வருடத்துக்கு இரண்டு தடவைகூட இழுக்க மாட்டீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளே புகுந்து ஒளிந்து விளையாடுவார்கள். அதற்குத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டிராயருக்கு நான் ஆதரவு. பெட்டி மாதிரி செய்து மேலே முழு பிளைவுட் பலகை போடுவதற்கு மட்டும் எதிர்ப்பு. எனக்கு ஒருவர் அப்படித்தான் செய்துகொடுத்தார், பார்வைக்குக் கச்சிதம். பத்து மாதம் கழித்து மெத்தையைப் புரட்டினேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் புள்ளிகள், பூசணம், ஈர வாடை. உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் வெளியேற வழியே இல்லை. பிறகு பலகையை வெளியே எடுத்து, ஒரு கையகல இடைவெளி விட்டு ஓர் அங்குல ஓட்டைகளாகத் துளைத்தோம். அந்த மெத்தையைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

மரமா, இரும்பா? கிறீச் கிறீச் என்று சத்தம் வருகிறதே?

எது வாங்கினாலும் மூட்டு உறுதியாக இருந்தால் போதும். இரும்பு மெலிதாக, இடம் அடைக்காமல் இருக்கும். ஆனால் அதன் கைப்பிடிக் கம்பியில் தலையணை இல்லாமல் சாய முடியாது. மரம் கனம், ஆனால் சாய்வதற்கு இதம்.

சத்தம் இரண்டிலும் வரும். தூக்கத்தைக் கெடுப்பதில் கொசுவுக்கு அடுத்தபடி இதுதான். கண்டுபிடிக்க ஒரு வழி: மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையிலும் கையை ஊன்றி அழுத்துங்கள். சத்தம் எந்த மூட்டு என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை அழுத்தச் சொல்லுங்கள். குற்றவாளி விரலுக்குக் கீழே துடிப்பான். முதலில் திருகாணியை இறுக்குங்கள். இறுக்கியும் நிற்கவில்லையென்றால், இரண்டு மரங்களோ மரமும் இரும்புமோ உரசுகின்றன. திருகாணியைத் தளர்த்தி, பழைய ஃபெல்ட் துணியையோ சைக்கிள் டியூப் துண்டையோ நடுவில் கொடுத்து மறுபடி இறுக்குங்கள். பட்டிகள் சட்டத்தில் உட்காரும் இடத்தில்தான் பாதிச் சத்தம் பிறக்கிறது. அங்கே ஒரு துணிப்பட்டி ஒட்டினாலே போதும். எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்துவிட்டு நாலு நாளில் மறுபடி கத்தும்.

எனக்குத் தனி அறையே இல்லை. எங்கே போடுவது?

சரி, ஓய்வெடுக்கும் இடத்தை 'ஓய்வறை' என்றாலே சிலருக்குக் கழிவறைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் 'மூலை' என்றே சொல்கிறேன். ஒருவருக்கான மூலைக்கு ஏழடிக்கு ஐந்தடி இருந்தால் போதும். நான்கு சுவர் தேவையில்லை. படுத்துப் பார்த்தால் வீட்டின் நடமாட்டம் கண்ணில் படக்கூடாது, நடக்கிறவர்களுக்கும் உங்கள் முகம் தெரியக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. பல வீடுகளில் டேபெட்டை அப்படியே திருப்பிப் போட்டு, முதுகை நடைபாதைப் பக்கம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதியைத் திரைச்சீலை பார்த்துக்கொள்ளும். கூரையில் ஒரு தண்டவாளம் அடித்து, அதன் நீளத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி விடுங்கள். துணியில் கஞ்சத்தனம் பண்ணினால், மூடியதும் இழுத்துக் கட்டிய கொடி மாதிரி இருக்கும், மடிப்பும் வராது, மறைப்பும் வராது. புத்தக அலமாரியைத் தடுப்பாக வைப்பதானால் அதைச் சுவரோடு ஒரு கம்பியால் பிணைத்துவிடுங்கள். தூங்குகிறவர் பக்கத்தில் தனியாக நிற்கும் உயரமான சாமான் எதுவும் வேண்டாம்.

ஜன்னலோரம் எல்லோருக்கும் ஆசைதான். வெளிச்சுவரை ஒட்டிப் போட்டால் இரண்டு மூன்று அங்குலம் தள்ளியே போடுங்கள், காற்றோட்டம் இல்லாவிட்டால் சுவரின் ஈரம் மெத்தைக்கு வந்துவிடும். தொடர்ந்து வெயில் படும் துணியின் நிறம் ஒரே வருடத்தில் வெளிறும். வெளிறியது தெரியாமல் இருக்க, ஆரம்பத்திலேயே வெளிர் நிறத்தில் வாங்கிவிடுவது என் வழக்கம்.

படிக்கட்டுக்கு அடியில்?

நன்றாக அமையும், உயரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கை 18 அங்குலம், அதன்மேல் உட்கார்ந்த ஆளின் தலை வரை 36 முதல் 38 அங்குலம். உட்காரும் இடத்தில் ஐந்தடிக்குக் குறைந்தால் எழும்போதெல்லாம் தலையில் இடி. தாழ்ந்த பக்கம் கால்மாடு, உயர்ந்த பக்கம் தலைமாடு. படியில் ஆள் ஏறி இறங்கும் சத்தம் நேராக மண்டைக்குள் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தை எப்படிக் குறைப்பது?

தடித்த திரையும் தரைவிரிப்பும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து அறைச் சத்தத்தை அவை தடுக்காது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சத்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளி இல்லாமையும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால், கதவு எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் பேச்சு அப்படியே உள்ளே வரும். கதவடியில் ஒட்டும் பட்டி ஒன்று, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி ஒன்று. இந்த இரண்டும் செய்யும் வித்தையை எந்தச் சுவர் அலங்காரமும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் கொடுத்த வழிகாட்டுதல், இரவில் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஓசை 30 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கிசுகிசுப்பேச்சு கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆகவே முழு நிசப்தத்துக்கு அலையாதீர்கள். ஒரே சீராக ஓடும் மின்விசிறியின் சத்தம் திடீர்ச் சத்தங்களை மூடிவிடும். தூக்கத்தை உலுக்குவது அந்தத் திடீர்ச் சத்தங்கள்தான்.

விளக்கு எங்கே வைப்பது?

கூரை விளக்கை மறந்துவிடுங்கள், மல்லாந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும். படிக்கும் விளக்கு தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. நிறம் 2700 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் வகை. முக்கியமாக, படுத்த நிலையிலேயே கைக்கு எட்டும் சுவிட்ச். விளக்கை அணைக்க எழுந்து நடக்க வேண்டியிருந்தால், கண் சொக்கிய நேரம் வீண்.

பகலில் எவ்வளவு நேரம் தூங்கலாம்?

10 முதல் 20 நிமிடம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். அங்கிருந்து எழுப்பினால் தலை கனக்கும், எரிச்சல் வரும். தெளிய அரை மணி, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். 1994இல் வெளியான நாசா அறிக்கை ஒன்று இந்த விஷயத்தில் பேர்போனது. நெடுந்தூர விமானிகளுக்கு விமானி அறையிலேயே 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள், அதில் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வே எடுக்காதவர்களைவிட அவர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அவர்கள் தூங்கியது இருக்கையில் உட்கார்ந்தபடி என்பதைக் கவனியுங்கள். முழுசாக நீட்டிப் படுத்தால் தூக்கம் ஆழமாகிவிடுகிறது. குட்டித் தூக்கத்துக்கு டேபெட்டின் சாய்ந்த நிலைதான் தோது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தூங்கினால் இரவில் விழித்துக்கொண்டு கிடக்க நேரிடும். போதுமான அளவு இரவுத் தூக்கம் இருந்தும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், மெத்தையை மாற்றிப் பயனில்லை.

எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை. இது உதவுமா?

பகலில் தூங்காமல் இருந்தால், உதவும். தூக்கமின்மைக்குச் சொல்லப்படும் நடத்தை வழி மருத்துவத்தில் ஒரு விதி: கட்டில் தூங்க மட்டும். படிப்பு, போன், கவலை எல்லாம் வேறிடம். படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வரச் சொல்கிறார்கள். "இந்த ராத்திரியில் எழுந்து எங்கே போவது?" என்று கேட்பவர்களுக்கு, தயாராக ஒரு போர்வையோடு காத்திருக்கும் அந்த மூலைதான் பதில். அங்கேயே தூங்கிப்போய்விடாமல் கட்டிலுக்குத் திரும்புவதுதான் கஷ்டமான பகுதி.

கைக்குழந்தையைத் தூங்க வைக்கலாமா?

கூடாது. மெத்தென்ற திண்டுகள், மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே உள்ள சந்து, இரண்டுமே மூச்சை அடைக்கக்கூடியவை. குழந்தையை மடியில் வைத்தபடி அசதியில் நீங்களே தூங்கிவிடுவது இன்னும் ஆபத்து. கண் சொக்கினால் குழந்தையை அதன் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பக்கத்தில் ஜன்னல் திரையின் சுருக்குக் கயிறு தொங்கினால் அதையும் எட்டாத உயரத்தில் கட்டிவிட வேண்டும்.

அங்கேயே லேப்டாப் வைத்து வேலை பார்க்கலாமா?

பத்து நிமிடத்துக்குச் சரி. மெத்தையில் வைத்தால் அதன் காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும், ஒரு பலகையாவது அடியில் வேண்டும். சார்ஜில் போட்ட போனைத் தலையணைக்கு அடியில் செருகவே கூடாது. என்னைக் கேட்டால், வேலை ஒருமுறை அங்கே வந்துவிட்டால் அந்த மூலை அலுவலகமாகிவிடும். அப்புறம் ஓய்வெடுக்க வேறொரு மூலை தேட வேண்டும்.

வாங்கிய மூன்றாம் மாதமே துணி மூட்டை போடும் இடமாகிவிட்டது. வழி உண்டா?

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கதைதான். தட்டையாக எது இருந்தாலும் மடிக்காத துணி அதைத் தேடி வரும். என் முதல் டேபெட் கொடியிலிருந்து எடுத்த துணிக்கும் அலமாரிக்கும் நடுவழியில் இருந்தது. பிறகெப்படி? தினமும் சண்டை போட்டேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு பெரிய கூடையை வாங்கி அந்த வழியில் டேபெட்டுக்கு நாலடி முன்னால் வைத்தேன். துணி கூடையோடு நின்றுவிட்டது.

படுத்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடுகிறார்கள்.

"கொஞ்ச நேரம் படுக்கிறேன்" என்று சொன்னால் கூப்பிடத்தான் செய்வார்கள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "இரண்டரைக்கு எழுந்துவிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள்கூட கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். சொன்ன நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், இரண்டு முறை தவறினால் அந்த வாக்குக்கு மதிப்பு போய்விடும். திரை மூடியிருந்தால் கூப்பிடக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். அதே மரியாதையை வீட்டில் மற்றவர்கள் படுக்கும்போது நீங்களும் காட்ட வேண்டியிருக்கும்.

எப்படிச் சுத்தமாக வைப்பது?

வெளியிலிருந்து வந்த உடையோடு உட்காருகிறோம், அதே இடத்தில் முகத்தைப் புதைத்துப் படுக்கிறோம். அதனால் மேலே எப்போதும் ஒரு விரிப்பு இருக்கட்டும், படுக்கும்போது அதை எடுத்துவிடுங்கள். உறைகள் எல்லாம் ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். தூசு ஒவ்வாமை உள்ளவர்கள் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசுப் பூச்சிகள் சாகும். துணி அந்தச் சூட்டைத் தாங்குமா என்று தைக்கக் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பூனை பிடித்துக்கொண்டது. இறங்க மறுக்கிறது.

கால்மாட்டு ஓரத்தில் ஒரு பழைய துண்டை நான்காக மடித்துப் போடுங்கள், அந்த மூலை அதற்கு. மிச்சம் உங்களுக்கு. என் வீட்டில் இந்த ஒப்பந்தம் வாரத்தில் நாலு நாள் செல்லுபடியாகிறது.